ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை

வாங்க தம்பி, இக்கட்டால வந்து நிழல்ல உக்காருங்க. அந்த இன்னொரு மெசினைப் பாக்காதீங்க, அது செத்து மூணு மாசம் ஆச்சு. மூஞ்சில பிளாஸ்டிக் பையைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க பாருங்க. இந்த ஓட்டலுக்குப் பின்னால உருப்படியா ஓடறது ஒண்ணே ஒண்ணு. அதுல என்ற வண்டி நிக்குது. உங்க வண்டில சார்ஜ் எத்தனை இருக்குது? நாலா? நாலு பர்சென்ட்டை வெச்சுக்கிட்டா பாலக்காட்டுக்குப் போறீங்க? அட சாமி! பரவால்லீங்க, பயப்படாதீங்க. நான் ஒரு பர்சென்ட்ல பள்ளிபாளையத்துல இருந்து திருச்செங்கோடு போய்ச் சேந்தவன். வாசல் வரைக்கும்தான் வந்துச்சு. வாசல்ல இருந்து போர்ட்டிகோவுக்கு எட்டுப் பேர் தள்ளுனாங்க.

என்ற பேரு குழந்தைவேலு. திருச்செங்கோட்டுல ரிக் வண்டி வெச்சு போர் போடறது தொழில். ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு நம்ம வண்டி போகாத சீமை இல்லைங்க. முப்பத்திரண்டு வருசமா நேரம் பாக்காம ஒரு குழி எறக்குனதில்ல. மொதல்ல பாயிண்ட் பாப்போம். உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நடந்தா, அடில தண்ணி இருக்கற எடத்துல தேங்கா தானா நட்டுக்கிட்டு நிக்கும். அப்புறம் காலண்டரைப் பாப்போம். ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் கழிச்சுப் போட்டு, சுத்தமான நேரத்துல கற்பூரம் காட்டித்தான் கம்ப்ரசரை ஆன் பண்ணுவோம்.

எல்லாப் போர்லயும் தண்ணி வருமான்னா? வந்தா நம்ம நேரம் நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். வரலைன்னா அது அந்தத் தோட்டக்காரன் நேரம்.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பெங்களூர் கம்பெனி ஒண்ணுல கம்ப்யூட்டர் வேலை, ஊட்டுல இருந்தே பாக்கறா. வயசு இருவத்தொம்பது. மூல நட்சத்திரம். பதினாலு ஜாதகம் வந்துச்சுங்க. பன்னெண்டை நான் திருப்பி அனுப்புனேன், ரெண்டை அவிய திருப்பி அனுப்புனாங்க. என்ற சம்சாரம் சுலோச்சனா சொல்லுவா, நீங்க பொருத்தம் பாக்கறதுக்குள்ள புள்ளைக்கு நரைச்சுப் போகும்னு. நான் என்ன சும்மாவா பாக்கறேன்? ஒரே புள்ளைங்க. அவ போற எடம் சரியில்லாமப் போனா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்? அந்த பயம் ஒண்ணுதான் எனக்கு. இன்னைக்கு நான் கோயமுத்தூர் போறதும் அவ கல்யாண விசயமாத்தான். அதுக்கு வர்றேன்.

இந்த வண்டி அவ வாங்கிக் குடுத்தது. என்ற அறுபதாங் கல்யாணத்துக்கு வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா. 'அப்பா, டீசல் பொகையிலயே முப்பது வருசம் நின்னுட்டீங்க, இனிமே சத்தமில்லாமப் போங்க'ன்னா. எனக்கு சத்தமில்லாதது ஒரு வண்டியான்னு இருந்துச்சு. ஆனா புள்ளை குடுத்தது, வேண்டாம்னு சொல்ல முடியுமா? நல்ல நேரம் பாத்து எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி எடுத்தேன்.

எடுத்தன்னைக்கே ஆரம்பிச்சுது கெரகம். ஊட்டுல பிளக்கை மாட்டுனா சிவப்பு லைட். கழட்டி மாட்டுனா சிவப்பு. ஊதி மாட்டுனாலும் சிவப்பு. கம்பெனி நம்பருக்குப் போட்டா ஒரு அம்மணி இங்கிலீசுல ஒண்ணை அமுத்து, ரெண்டை அமுத்துங்குது. நான் போனையே அமுத்திட்டேன். தாரணிதான், 'அப்பா, அந்த நம்பரை விடுங்க. எனக்கு ஒரு நம்பர் கெடைச்சிருக்கு, நேரா சர்வீஸ் இன்ஜினியருக்கே போகும்'னு எழுதிக் குடுத்தா.

மொத ரிங்குலயே எடுத்தானுங்க. 'சொல்லுங்க மாமா'ன்னான். மாமான்னான் பாருங்க! கம்பெனில அப்படி ட்ரெய்னிங் குடுத்திருக்காங்க. கஸ்டமரைச் சொந்தக்காரன் மாதிரி நெனைக்கோணும்னு. பேரு இளம்பரிதியாம், கோயமுத்தூர்க்காரன். நான் அன்னைக்கு இருந்த கோவத்துல வாய்க்கு வந்தபடி திட்டுனேன். 'உங்க வண்டியைக் கொண்டுபோய்க் காவிரில தள்ளுங்கடா'ன்னேன். அவன் 'சரிங்க மாமா, தள்றதுக்கு முன்னால ஒண்ணு பாத்துக்கலாம், உங்க ஊட்டுல எர்த் சரியா இருக்குதுங்களா'ன்னு கேட்டான். கோவமே இல்லைங்க அவன் கொரல்ல.

எர்த்துக்கு எட்டடிக்கு ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் எறக்கோணும்னான்.

எட்டடி! யாருகிட்டச் சொல்றான் பாருங்க. ரிக் குழந்தைவேலு ஊட்டுல எட்டடிக் குழியா? ஊரு சிரிக்காது? ஷெட்டுல சும்மா நின்ன ஒரு ரிக்கைக் கொண்டாந்து காம்பவுண்டுக்குள்ள ஏத்துனேன். சுலோச்சனா ஓடியாந்து, 'ஏனுங்க, நேரம் பாத்தீங்களா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை'ன்னா. 'தண்ணிக்குன்னாத்தான்டி நேரம், இது எர்த்துக்கு'ன்னு சொல்லிப்போட்டேன். செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, சாயங்காலம் மூணரை மணி, சுத்தமான ராகுகாலம். தேங்கா இல்ல, கற்பூரம் இல்ல. ஓட்றான்னேன். எட்டடில நிறுத்தறதுக்கு ரிக் எதுக்கு, போற வரைக்கும் போகட்டும்னு உட்டேன்.

நூத்திப்பத்து அடில தண்ணி பீச்சியடிச்சுதுங்க!

சிரிக்காதீங்க தம்பி, சத்தியமா. என்ற ஊட்டுல அதுக்கு முன்னால மூணு போர் போட்டிருக்கேன். மூணும் ஆயிரம் அடியைத் தாண்டி. மூணும் முகூர்த்த நாள்ல, ஜோசியர் வையாபுரி குறிச்சுக் குடுத்த நேரத்துல. மூணுலயும் புழுதிதான் வந்துச்சு. ஊருக்கெல்லாம் போர் போடறவன் ஊட்டுல பதினஞ்சு வருசமா லாரித் தண்ணி. சம்பந்தி தேடறவனுக்கு அது எத்தனை அவமானம்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப எர்த்துக்குப் போட்ட குழில தண்ணி கொட்டுது. தெருவே கொடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. சுலோச்சனா நனைஞ்சுபோய் நின்னுக்கிட்டுச் சிரிக்கறா, சிரிக்கறா, நிறுத்தவே மாட்டேங்கறா. 'இனிமேலாச்சும் காலண்டரைத் தூக்கிப் போடுங்க'ன்னா.

பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் ரோசனை பண்ணிப் பாத்தேன். அஷ்டமி ராகுகாலத்துலயே தண்ணி வருதுன்னா, அதையும் மீறி ஒரு ராசி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். யாரோட ராசி? குழி தோண்டுன்னு சொன்னது யாரு? அந்தப் பையன்தானே! அன்னைக்கே மனசுல குறிச்சுக்கிட்டேன், இவன் கைராசிக்காரன்னு. எர்த்துக்கு அப்புறம் அவன் சொன்ன மாதிரியே அக்கட்டால எட்டடி தோண்டுனோம். பச்சை லைட் எரிஞ்சுது.

சார்ஜ் ஒழுங்கா ஏறுச்சான்னா, எங்கீங்க. சும்மா கண்ட நேரத்துல மாட்ட முடியுங்களா? நல்ல நேரம் காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அதுல மாட்டி அதுலயே கழட்டோணும். அதுக்குள்ள ஏறுனது எத்தனையோ அத்தனை. வண்டி நானூறு கிலோமீட்டர் போகும்னு பேப்பர்ல போட்டிருந்தான். எனக்கு ஒரு நாளும் எழுபதைத் தாண்டுனதில்ல. எல்லாம் ஏமாத்து வேலை.

வெளிய எங்கயாச்சும் போட்டுக்கலாம்னு பாத்தா, அது வேற கூத்து. மெசினும் வண்டியும் மொதல்ல பேசிக்கோணுமாம். சார்ஜர் கன்னை வண்டில மாட்டுனா பேசிக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். அப்புறம் ஒத்து வரலைன்னு சிவப்பைக் காட்டிரும். கல்யாணம் பேசற ஊட்டுல காபி குடிச்சுட்டு அப்புறம் சொல்லியனுப்பறோம்னு எந்திரிச்சுப் போவாங்களே, அதே மாதிரி. சங்ககிரில அப்படி, பவானில அப்படி. பரிதிகிட்டப் போன் போட்டுக் கத்துவேன். 'மாமா, அதுக்குத்தான் புது அப்டேட் வந்திருக்குது. ஸ்கிரீன்ல கேக்கும், சரின்னு அமுத்துங்க போதும்'பான்.

ஸ்கிரீன்ல கேக்கறது வாஸ்தவம். ஆனா அது கேக்கற நேரத்தைப் பாக்கோணும்ல? மொத நாள் கேட்டப்ப எமகண்டம். லேட்டர்னு அமுத்துனேன். அடுத்த நாள் சந்திராஷ்டமம். லேட்டர். அமாவாசைக்கு மறுநாள் பாட்டிமைல கேக்குது, அறிவில்ல அதுக்கு? ஒரு நாள் எல்லாம் சரியா இருந்துச்சு, அமுத்தக் கையைக் கொண்டு போறேன், பக்கத்துச் சீட்டுல சுலோச்சனா தும்மிட்டா. இருபத்திமூணு தடவை லேட்டர் போட்டேனுங்க. அந்தப் பையன் கும்புடாத கொறை. 'மாமா, இதுக்கெல்லாமா நேரம் பாப்பாங்க'ன்னான். 'வண்டிக்கு மூளையை மாத்தறீங்க தம்பி, ஆபரேசனுக்கு நேரம் பாக்க மாட்டோமா'ன்னேன். அப்புறம், 'நீங்க சொல்றதும் சரிதான் மாமா'ன்னான். பணிவுங்க. இந்தக் காலத்துல யாருக்கு வரும்?

இந்த நெலைமைலதான் பதினஞ்சாவது ஜாதகம் வந்துச்சு. நாமக்கல், கோழிப் பண்ணை, நெம்பப் பெரிய எடம். பத்துக்கு எட்டுப் பொருத்தம். மூலமா இருந்தாலும் பரவால்லைன்னுட்டாங்க. பையன் வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போனான். ஒரு மணி நேரமும் கோழிக்கு வர்ற நோவைப் பத்தியே பேசுனான். 'எப்படிம்மா'ன்னு தாரணியைக் கேட்டேன். 'கோழிக்குக் குடுத்து வெச்சிருக்குப்பா'ன்னா. சம்மதம்தான்னு எடுத்துக்கிட்டேன். சுலோச்சனா மட்டும் ரெண்டு நாள் என்கூட மொகம் குடுத்துப் பேசல. அவளுக்கு அப்பப்ப அப்படி வரும்.

அடுத்து நாங்க மாப்பிள்ளை ஊடு பாக்கப் போகோணும். போயி, வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டா முடிஞ்சுது. நாமக்கல்காரர் நேரத்துல எனக்கு மேல. புதன்கிழமை ஒன்பதேகாலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவுல நீங்க வாசப்படி எறங்கோணும், பன்னெண்டு மணி ராகுகாலத்துக்கு முன்னால நாம தட்டு மாத்தோணும்னு கண்டிசனாச் சொல்லிட்டார். எனக்கு அப்படி ஆளுகளைத்தான் புடிக்கும்.

அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை தாரணி காலண்டரை எடுத்துக்கிட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தா. 'அப்பா, அந்த அப்டேட்டைப் போட்டுரலாம்ப்பா. உங்களுக்கு எது சுத்தமான நேரம்னு நீங்களே குறிச்சுக் குடுங்க, நான் போன்லயே செட் பண்ணி வெச்சர்றேன், தானாவே போட்டுக்கும்'னா. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சுங்க. இத்தனை வருசத்துல அந்தப் புள்ளை காலண்டரைத் தொட்டதே இல்ல. கல்யாணம் கூடி வரும்போது புத்தியும் கூடி வருது பாருன்னு சுலோச்சனாகிட்டச் சொன்னேன். அவ அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

தாளைப் பொரட்டுனேன். திங்கக்கெழமை ஆகாது. செவ்வாய் பேச்சே வேண்டாம். புதன்கிழமை ஒன்பதேகாலு, அத்தனை கிரகமும் வரிசையா வந்து நிக்குது. 'இதைப் போடு கண்ணு'ன்னேன். போட்டுட்டா.

நாமக்கல் போற நேரமும் அதுதானேன்னு தோணலையான்னு கேக்கறீங்க. தோணுச்சுங்க, தோணாம என்ன. ரெண்டு நல்ல காரியம் ஒரே முகூர்த்தத்துல நடந்தா நெம்ப விசேசம்னு தோணுச்சு. போயிக்கிட்டே இருக்கும்போது அதுபாட்டுக்கு ஏறிக்கும்னு நெனைச்சேன். ரேடியோல பாட்டு மாறற மாதிரின்னு நெனைச்சேன். எனக்கு யாரு சொன்னா?

புதன்கிழமை காலைல என்ற தங்கச்சியும் மச்சானும் வந்துட்டாங்க. வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கால கெழக்குப் பாத்து நிறுத்தி வெச்சிருந்தேன், ஏறுனதும் அப்படியே கெழக்கால போயிரலாம்னு. ஒன்பது இருபதுக்குத் தட்டோட ஏறி உக்காந்தோம். பட்டனை அமுத்தறேன், வண்டி எந்திரிக்கல. ஸ்கிரீன்ல ஒரு வட்டம் சுத்துது. அடில எழுதியிருக்குது, அப்டேட் நடக்குது, வண்டியை ஓட்ட முடியாது, இன்னும் ஐம்பத்தெட்டு நிமிசம்.

நான் எறங்கிக் கத்துன கத்துல தெருவே கூடிருச்சு. எங்க பழைய ஜீப் உள்ள போர்ட்டிகோவுல மாட்டிக்கிச்சு, இது கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. தள்ளலாம்னா சக்கரம் சிமெண்ட் போட்ட மாதிரி நகர மாட்டேங்குது. மச்சான் போன் போட்ட டாக்சிக்காரன் மலை சுத்தி வர்றேன், ஒரு மணி நேரம் ஆகும்ங்கறான். தாரணி உள்ள இருந்து ஒரு சொம்பு மோரோட வர்றா. 'என்ன கண்ணு இது, இப்படிப் பண்ணிப்போட்டே'ன்னேன். 'நான் என்னப்பா பண்ணேன், நீங்கதானே நேரம் குறிச்சுக் குடுத்தீங்க'ன்னா. சாந்தமாத்தான் சொன்னா. நான் குறிச்ச நேரம்தானே.

பரிதிக்குப் போன் போட்டேன். 'எங்கடா இருக்கே, ஒடனே வா'ன்னேன். பத்து நிமிசங்க! கோயமுத்தூர்ல இருந்து நூத்தி எத்தனையோ கிலோமீட்டர், பத்து நிமிசத்துல பைக்குல வந்து எறங்கறான். இஸ்திரி போட்ட சட்டை, கையில லேப்டாப். எப்படிடான்னு கேட்டேன், மலைக்கோயிலுக்குச் சாமி கும்புட வந்தேன் மாமாங்கறான். என்ன சர்வீஸ் பாருங்க. என்ன பக்தி பாருங்க. ஒயரை மாட்டி என்னமோ பண்ணான். நடுவுல நிறுத்துனா வண்டி ஒரேயடியாப் படுத்துக்கும் மாமா, முடியற வரைக்கும் காத்திருக்கறதுதான் வழின்னான். ஐம்பத்தெட்டு நிமிசம்னு போட்டது, போகப் போக ஏறிக்கிட்டே போயி, பதினோரு மணிக்குத்தான் முடிஞ்சுது.

பத்து இருபதுக்கு நாமக்கல்காரர் போன். கெளம்பிட்டீங்களான்னார். இப்படி இப்படி, வண்டி அப்டேட் ஆகுதுங்கன்னேன். 'நல்ல காரியத்துக்குக் கெளம்பற வண்டி வாசல்லயே நிக்குதுன்னா சகுனம் சொல்லுதுங்க. இத்தோட விட்டுரலாம்'னு வெச்சுட்டார்.

பாத்தீங்களா தம்பி அநியாயத்தை! ஒரு மெசினு ஒரு மணி நேரம் நின்னதுக்கு ஒரு புள்ளையோட வாழ்க்கையவே வேண்டாம்னு சொல்றான். இந்தக் காலத்துல இப்படி ஒரு மூடநம்பிக்கையா? படிச்சவனா அவன்? அந்த வேப்பமரத்தடில அப்படியே உக்காந்துட்டேன். பதினஞ்சும் போச்சு. இனி எம்புள்ளைக்கு யாரு வருவான்னு நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், தங்கச்சி முன்னால கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்ப அந்தப் பையன்தான் பக்கத்துல வந்து தரையில உக்காந்தான். மோர்ச் சொம்பை எடுத்துக் குடுத்தான். நான் குடிக்கற வரைக்கும் இருந்தான். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தா அப்படித்தான் உக்காந்திருப்பான்.

அவனுக்கு சுலோச்சனா சுக்குமல்லி போட்டுக் கொண்டாந்தா. அவன் காபி குடிக்க மாட்டானாம். இவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, பொம்பளைங்க மொகத்தைப் பாத்தே கண்டுபுடிச்சர்றாங்க. பேச்சுக் குடுத்துப் பாத்தேன். அப்பா இல்ல, காலமாயிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், கறுப்புச்சட்டைக்காரர். புள்ளை பொறந்த நேரத்தை யாரும் குறிச்சு வெக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிலயே சண்டை போட்டவராம். அதனால இவனுக்கு ஜாதகமே கெடையாது. அம்மா மட்டுந்தான், சிங்காநல்லூர்ல இருக்காங்க.

ஜாதகம் இல்லைன்னதும் எனக்குச் சப்புனு போச்சுங்க. எனக்குள்ள ஒரு எண்ணம் மொளைச்சிருந்துச்சு, அது அப்படியே அமுங்கிருச்சு. ஆனா விடலை. மூணு நாள் தூக்கமில்லாம ரோசனை பண்ணேன். நாலாவது நாள் பளிச்சுனு வந்துச்சு! அவன் பொறந்த நேரம்தானே தெரியாது? என்ற ஊட்டு வாசல்ல அவன் வந்து எறங்குன நேரம் எனக்குத் தெரியுமே! புதன்கிழமை, ஒன்பது ஐம்பது. நான் கையால குறிச்ச முகூர்த்தத்துக்குள்ள!

வையாபுரிகிட்ட ஓடுனேன். இந்த நேரத்துக்கு ஒரு ஜாதகம் எழுதுன்னேன். 'ஏனுங்க, போன வாரம் பொறந்த கொழந்தைக்கா கல்யாணப் பொருத்தம் பாக்கறீங்க'ங்கறான். 'என்ற ஊட்டைப் பொறுத்த வரைக்கும் அவன் அன்னைக்குத்தான்யா பொறந்தான், எழுது'ன்னேன். எழுதுனான். பத்துக்கு ஒன்பது! மூலத்துக்கு இப்படி ஒரு பொருத்தத்தை நான் சர்வீசுல பாத்ததில்லைன்னான். அது எப்படிப் பொருந்தாமப் போகும், நேரம் குறிச்சவன் நானாச்சே.

என்ன ஆளுகன்னு விசாரிக்கலையான்னு மனசுக்குள்ள கேக்கறீங்க, தெரியுது. சுலோச்சனாகிட்ட விசாரிக்கச் சொன்னேன். சொல்லி வாய மூடல, 'விசாரிச்சாச்சு, எல்லாம் நம்மளுக்கு ஆகறவங்கதான்'னுட்டா. எங்கூட்டுக்காரி வேலைல அவ்வளவு வெரசல்.

நேத்துக் காலைல தாரணியைக் கூப்புட்டுச் சொன்னேன். 'கண்ணு, நாமக்கல் போனாப் போகுது. அப்பா உனக்கு ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபுடிச்சிருக்கேன். அந்த சர்வீசுக்கு வர்ற பரிதி. உனக்கு அவனைப் பழக்கமில்ல, அதெல்லாம் போகப் போகச் சரியாப் போகும்'னேன். அந்தப் புள்ளை அப்படியே தரையில உக்காந்து அழுதுச்சுங்க. ஓன்னு அழுகை. சத்தமில்லாத புள்ளை, அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. ஆனா மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். 'அழுதாலும் சரி, இவன்தான் மாப்பிள்ளை, அப்பன் முடிவு பண்ணியாச்சு'ன்னேன். மூக்கை ஒறிஞ்சுக்கிட்டே, 'உங்க இஷ்டம்ப்பா'ன்னா. தங்கங்க. அப்பன் பேச்சைத் தட்டத் தெரியாத புள்ளை.

அதான் இன்னைக்கு நானே நேர்ல, பையனுக்குக் கூடச் சொல்லாம, அந்தம்மாவைப் பாத்துக் கேக்கப் போறேன். கறுப்புச்சட்டை ஊடு, எப்படி எடுத்துக்குவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒதறல்தான். சாமி கும்புடறவனுக்குப் பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டா என்ன பண்றது, சொல்லுங்க.

என்ன தம்பி, எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறீங்க? ஓ, நூறு காட்டுதா. ஆமாங்க, அது நூறு ஆகிக் காமணி நேரம் ஆச்சு. இல்லைங்க, கழட்ட முடியாது. வெள்ளிக்கெழமை பத்தரைல இருந்து பன்னெண்டு ராகுகாலம். இன்னும் முப்பத்தஞ்சு நிமிசந்தான். நீங்க ஒரு காபி சொல்லுங்க, எனக்கும் சேத்து. உங்க கொழந்தை வெயில்ல அழுகுதா? உங்க ஊட்டம்மாவைக் கார்க் கண்ணாடியை எறக்கி விடச் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி, பொண்ணு கல்யாண விசயம், நான் நேரம் பாத்துத்தான் ஆகோணும்.

இருங்க, போன் வருது. தாரணிதான்.

சொல்லு கண்ணு. ஆமா, பெருந்துறைலதான் இருக்கேன். சார்ஜு, சார்ஜு. ம்ம். சரி. சந்துக்குள்ள வண்டி போகாதா? சரி, கோயில் முக்குலயே நிறுத்திக்கறேன். லட்டா? ஆமா, மூணு கிலோ வாங்கியிருக்கேன், பின்னால... ஏன் கண்ணு? ம்ம். ம்ம். சரி வெச்சர்றேன்.

ஒண்ணுமில்லைங்க. லட்டைக் கொண்டு போகாதீங்கப்பா, பழம் மட்டும் போதும், அத்தைக்குச் சக்கரைன்னு சொன்னா.

அத்தைக்குச் சக்கரைன்னு சொன்னா தம்பி.

அத்தைன்னுதான் சொன்னா. வாய்ல அப்படியே வந்துச்சு. அந்தச் சந்துல வண்டி போகாதுன்னும் தெரிஞ்சிருக்குது.

நீங்க சிரிக்கறீங்க. நீங்க எப்பக் கண்டுபுடிச்சீங்க? மாமான்னு சொன்னப்பவேவா? அடப் பாவிகளா! பாலக்காட்டுக்குப் போற ஆளுக்குக் கூடத் தெரிஞ்சிருக்குது. சுலோச்சனாவுக்கு வேற தெரிஞ்சிருக்கும். இருடி, வர்றேன்.

இல்லைங்க, கோவமில்ல. கோவமா இருந்தாச் சத்தம் போட்டிருப்பேனே. உங்ககிட்ட ஒண்ணை மட்டும் சொல்லாம உட்டுட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள், நான் சோறு உண்டுக்கிட்டு இருக்கேன், இந்தப் புள்ளை பக்கத்துல வந்து நின்னு, 'அப்பா, எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்கு'ன்னா. நான் தட்டுல இருந்து தலையைத் தூக்காம, என்ன நட்சத்திரம்னேன். ஜாதகம் எழுதலைப்பான்னா. எழுதுனப்புறம் வந்து சொல்லுன்னேன். அவ்வளவுதாங்க பேசுனது. பேரு என்னன்னு கூட நான் கேக்கல. அவ சித்த நேரம் நின்னு பாத்துட்டு, எனக்கு ரசம் ஊத்திட்டுப் போயிட்டா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. ரெண்டு வருசம், நான் கொண்டாந்த ஜாதகத்துக்கெல்லாம் புடவை கட்டிக்கிட்டு வந்து காபி குடுத்தா. நேத்து அழுதாளே, பயந்துக்கிட்டு அழுகறான்னு நான் நெனைச்சேன். எத்தனை முட்டாப் பய பாருங்க நான்.

உடுங்க, உடுங்க, நானே கழட்டிக்கறேன். இந்தக் கன் கொஞ்சம் இறுகலா இருக்கும், மேல தூக்கி இழுக்கோணும். இந்தா, வந்துருச்சு. நீங்க வண்டியை இக்கட்டால எடுத்துக்கிட்டு வாங்க. ராகுகாலமா? தெரியுங்க, எனக்குத் தெரியாதா. நான் ஊட்டுல இருந்து ஒன்பதேகாலுக்கே கெளம்பியாச்சு, இது சும்மா நகந்து போறது, இதுக்கெல்லாம் கணக்கில்ல. அந்த லட்டு டப்பாவைப் புடிங்க. புடிங்கன்னா. கொழந்தைக்குக் குடுங்க, இத்தனை நேரம் அழுக வெச்சுட்டேன்.

ஏனுங்க, சக்கரை இருக்கறவங்களுக்கு எந்தப் பழம் ஆகும்? கொய்யா ஆகுமுங்களா? தெரியாதா? சரி, கடைல கேட்டுக்கறேன். தாரணிக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு போன் போட்டா அவ ரகம் ரகமாச் சொல்லிருவா, அந்தம்மாவுக்குக் காலைல காபியா டீயான்னு வரைக்கும் சொல்லுவா. கேக்க மாட்டேன். மாப்பிள்ளை நான் பாத்தது தம்பி, அப்படியே இருக்கட்டும்.